கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறதா? மொரீசியஸ் வீட்டாரும் கோயில் குழுவினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1960-ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரி இறுதியில் கரோல் என இரு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்து மர வீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகுதான் மொரீசியஸ் மக்கள் பெருமளவில் கான்கிரீட் வீட்டுக்கு மாறினார்கள். அக்காலத்துக் கட்டடங்களும், அவற்றுக்குப் பின் எழுந்த கோயில் மண்டபங்களும் கோபுரங்களும் இப்போது முதுமையை எட்டிவிட்டன. அவற்றில் கம்பியின் நிலையை அளக்கச் சென்ற இடங்களிலெல்லாம் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கம்பியைச் சுற்றி முழுக்கக் கான்கிரீட்தானே இருக்கிறது? காற்றே படாத இடத்தில் அது எப்படித் துருப்பிடிக்கும்?

கான்கிரீட் பார்வைக்குக் கல்லைப் போல இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. அத்துளைகளின் வழியே காற்றும் நீரும் மெதுவாக உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கின்றன. கம்பியைக் காப்பாற்றுவது காற்றுப் படாமை அன்று, துளைகளில் இருக்கும் நீரின் காரத்தன்மை. புதிய கான்கிரீட்டில் அந்த நீரின் பி.எச். அளவு 12.5-க்கும் 13.5-க்கும் இடையில் இருக்கும். அத்தகைய காரத்தில் இரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அரிப்பைத் தடுத்து நிற்கிறது.

அந்தப் படலம் இரண்டு வழிகளில் அழிகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைக் குறைத்து, பி.எச். அளவை 9-க்கும் கீழே இறக்குவது ஒன்று. இதைக் கார்பனேற்றம் என்பார்கள். உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையாத நிலையிலும், படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுவது மற்றொன்று. படலம் போனபின் ஈரமும் ஆக்சிஜனும் இருந்தால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

எங்கள் வீடு கியூர்பீப்பில் இருக்கிறது. கடல் கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம் அல்லவா?

உப்புக் கவலை குறைவு என்பது உண்மை. தெற்கே சூயாக், கிரி கிரி பக்கம் பவளத்திட்டின் தடுப்பு இல்லாமல் அலை நேராகக் கரையில் மோதுவதால், அங்குள்ள சுவர்கள் வாங்கும் உப்புச் சாரலை மேட்டு நிலத்து வீடுகள் வாங்குவதில்லை. ஆனால் கார்பனேற்றத்துக்குக் கடல் தேவையில்லை.

கார்பனேற்றம் மிக வேகமாக நடப்பது, காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும், மழை நேராகப் படாத இடங்களில். எப்போதும் நனைந்திருக்கும் வெளிச்சுவரில் துளைகளை நீர் அடைத்துக்கொள்வதால் வாயு எளிதில் நுழைவதில்லை. ஆகவே கியூர்பீப்பில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, வீட்டுக்குள்ளே மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத்தான். பல ஆண்டுகள் உலர்ந்தே இருந்து கார்பனேற்றம் கம்பிவரை எட்டியிருக்கும். பிறகு ஒரு மழைக்காலத்தில் தளம் ஒழுகத் தொடங்கினால், அரிப்புக்கு இல்லாதிருந்த ஈரமும் கிடைத்துவிடும்.

பழைய வீட்டில் கடல் மணல் போட்டிருக்கிறார்கள் என்று தாத்தா சொல்வார். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

காயல்களிலிருந்து பவள மணல் எடுப்பது 2001-இல் தடைசெய்யப்படும்வரை அந்த மணல் கட்டட வேலையில் தாராளமாகப் பயன்பட்டது. இப்போது பயன்படுவது எரிமலைப் பாறையை உடைத்த மணல். உடைந்த ஒரு துண்டைக் கழுவிப் பார்த்தால் வெள்ளைத் துகளும் சிப்பிச் சில்லும் தெரிந்தால் பவள மணல், முழுக்கக் கருஞ்சாம்பலாக இருந்தால் பாறை மணல். ஆனால் மணல் எது என்பதைவிட, அது கழுவப்பட்டதா என்பதே முக்கியம். அதைக் கண்ணால் சொல்ல முடியாது.

அதற்குத் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே துளையில் மேற்பரப்பிலிருந்து 10 மில்லிமீட்டருக்கு ஒரு முறை தூளைத் தனித்தனியாகச் சேகரியுங்கள். வெளிப்பக்கம் குளோரைடு மிகுந்தும் உள்ளே போகப்போகக் குறைந்தும் இருந்தால் அது காற்றில் வந்த உப்பு. எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், அது கான்கிரீட்டோடு கூடப் பிறந்த உப்பு. சிமெண்ட் எடையில் 0.4 விழுக்காட்டைத் தாண்டினால் அரிப்புக்கு வாய்ப்பு மிகுகிறது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. அறிக்கையில் இருக்கும் விழுக்காடு சிமெண்ட் எடைக்கா கான்கிரீட் எடைக்கா என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள். கனமீட்டருக்கு 330 கிலோ சிமெண்ட் போட்ட கான்கிரீட்டில் அதே 0.4, கான்கிரீட் எடைக்குக் கணக்கிட்டால் 0.055 ஆகிவிடும். இந்தக் குழப்பத்தால் நிம்மதியாகத் தூங்கிய குடும்பங்களை நான் அறிவேன்.

வெடிப்பு தெரிந்த பிறகு பார்த்துக்கொண்டால் போதாதா?

கார்பனேற்றத்தால் வரும் அரிப்பில், கம்பியின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு கரைந்தாலே வெடிப்பு வரக்கூடும் என்பதால், வெடிப்பு ஓரளவு நல்ல எச்சரிக்கைதான். உப்பால் வரும் அரிப்பு அப்படிப்பட்டதன்று. அது குழி குழியாகத் தின்னும். குழியின் ஆழம் சராசரித் தேய்வைப்போல நான்கு முதல் எட்டு மடங்கு வரை இருக்கக்கூடும். வெளியே மயிரிழைகூடத் தெரியாமல் உள்ளே கம்பி ஓரிடத்தில் பாதியாக இளைத்திருப்பதை உடைத்துப் பார்த்தபோது கண்டிருக்கிறேன்.

கையில் எந்தக் கருவியும் இல்லை. நாங்களாகவே என்ன பார்க்கலாம்?

ஒரு சிறு சுத்தியல், பென்சில், நோட்டுப் புத்தகம் போதும். மேல்தளத்தின் அடியையும் தூண்களையும் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தலான பறையைப்போல் ஒலித்தால் மேல்தோல் உள்ளே பிரிந்துவிட்டது. அந்த எல்லையைப் பென்சிலால் சுற்றி வரைந்து, நாளைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு எல்லை விரிந்திருந்தால், எந்தக் கருவியும் சொல்லாத செய்தி அது. வெடிப்பின் இரு முனைகளிலும் இதேபோல் நாள் குறியுங்கள்.

துருக்கறை எல்லாமே கம்பியின் கறை அன்று. கட்டுக்கம்பியின் நுனியோ, பலகை அடித்தபோது உள்ளே மாட்டிய ஆணியோ ஒரு சொட்டுக் கறையை விடும், அது வளராது. கம்பி போகும் திசையிலேயே கோடாக நீளும் கறையும் வெடிப்பும்தான் கவலைக்குரியவை.

உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தார்கள், நன்றாக இளஞ்சிவப்பாக மாறியது. அப்படியானால் கம்பி பத்திரம்தானே?

கார்பனேற்றத்தைப் பொறுத்தவரை மட்டும் பத்திரம். நிறம் வருவது காரம் இருப்பதைக் காட்டுகிறது. குளோரைடு இருப்பதைக் காட்டாது. கடலோர வீட்டில் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் செய்துவிட்டு நற்சான்று கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

நிறம் மாறாத பகுதியின் ஆழத்தை அளந்தால் ஒரு கணக்குப் போடலாம். கார்பனேற்றம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப முன்னேறும். 20 ஆண்டுகளில் 15 மில்லிமீட்டர் போயிருக்கிறது, கம்பி 25 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றால், கம்பியை எட்ட மொத்தம் ஏறத்தாழ 55 ஆண்டுகள் ஆகும். இன்னும் 35 ஆண்டுகள் இருக்கின்றன. புதிதாக உடைத்த பரப்பிலேயே தெளிக்க வேண்டும். துளையிட்ட தூசி படிந்திருந்தால் நிறம் ஏமாற்றும்.

அரைமின்கல அளவீடு என்கிறார்களே, அது என்ன? வீட்டிலுள்ள மல்ட்டிமீட்டரால் முடியாதா?

அரிப்பு என்பது மின்வேதி நிகழ்ச்சி. கரையும் இடத்தில் கம்பியின் மின்னழுத்தம் மற்ற இடங்களைவிடக் கீழே இறங்கும். ஓரிடத்தில் கம்பியைத் திறந்து மல்ட்டிமீட்டரின் நேர்முனையை அதில் இணைத்து, எதிர்முனையில் ஓர் ஒப்பீட்டு மின்முனையை (இதுதான் அரைமின்கலம்) இணைத்து, அதை ஈரமாக்கிய கான்கிரீட்டின் மேல் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டே போனால் அந்த வேறுபாட்டைப் படிக்கலாம். கலிபோர்னிய நெடுஞ்சாலைத் துறையில் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல் என்பவர் 1950-களில் பாலங்களில் செய்து வளர்த்த முறை இது.

10 மெகாஓம் உள்தடை கொண்ட மல்ட்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே முடியும். மின்முனை என்பது, மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரையாமல் அடியில் தங்கும்வரை கலந்த நீரில் நிற்கும் ஒரு செம்புக் கம்பிதான். குழாயின் வாயில் நுண்துளை உள்ள மர அடைப்பு, அதன்மேல் ஈரப் பஞ்சு. மயில்துத்தம் நஞ்சு என்பதை மறந்து குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கம்பிகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா என்பதை வெகுதூரத்தில் இன்னொரு கம்பியைத் திறந்து சோதித்த பிறகே தொடங்க வேண்டும். பெயிண்ட், ஓடு, ‘எத்தான்ஷெயித்தே’ என்று நாம் சொல்லும் நீர்த்தடுப்புப் படலம் ஆகியவற்றின் மேல் வைத்து அளப்பது வீண். தொடக்கக் காலத்தில் நானே ஒரு தளத்தின் படலத்தின் மேல் ஒரு முழு நாள் அளந்து, எண்கள் ஏன் கூத்தாடுகின்றன என்று விழித்திருக்கிறேன்.

−410 மில்லிவோல்ட் என்று வந்திருக்கிறது. கம்பி எவ்வளவு கரைந்துவிட்டது?

அந்த எண் அதைச் சொல்லாது. ஏ.எஸ்.டி.எம். சி876 என்ற அமெரிக்கத் தர வழிகாட்டியின்படி, செம்பு மின்முனையில் −200-க்கு மேலே, அதாவது சுழியின் பக்கமாக இருந்தால் அரிப்பு இல்லாமலிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. −350-க்குக் கீழே இருந்தால் அளந்த வேளையில் அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. இடைப்பட்டது எதையும் உறுதியாகச் சொல்லாது. அரிப்பு நடக்கும் வாய்ப்பைத்தான் இது கூறுகிறது. வேகத்தையோ இதுவரை ஆன இழப்பையோ அன்று.

தனி எண்ணைவிட அண்டை எண்களே மிகுதியாகப் பேசும். தளம் முழுவதும் −380, −400 என்று சமமாக இருப்பதைவிட, −180 இருக்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி −410 வருவது எனக்குப் பெரிய கவலை தரும். அடுத்தடுத்த இரு புள்ளிகள் 150-க்கு மேல் வேறுபட்டால் அந்த இடத்தில் கட்டத்தை நெருக்கி மீண்டும் அளக்க வேண்டும்.

போன ஆண்டு ஒருவர் −360 என்றார், இந்த ஆண்டு வேறொருவர் −240 என்கிறார். குணமாகிவிட்டதா?

முதலில் மின்முனை எது என்று கேளுங்கள். நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு கரைசல் உள்ள வெள்ளி மின்முனை, செம்பு மின்முனையைவிட ஏறத்தாழ 120 மில்லிவோல்ட் வேறுபட்டுக் காட்டும். அப்படியானால் உங்கள் இரண்டு எண்களும் ஒன்றேதான்.

மின்முனை ஒன்றாகவே இருந்தால் பருவத்தைப் பாருங்கள். பிப்ரவரி மழையில் ஊறிய தளமும் செப்டம்பரில் காய்ந்த தளமும் ஒரே எண்ணைத் தராது. ஒரே மாதத்தில், ஒரே புள்ளிகளில், ஒரே வகை மின்முனையால் எடுத்த எண்களை மட்டுமே ஒப்பிடலாம். முன்பு சொன்ன நோட்டுப் புத்தகத்தில் நாளோடு மின்முனையின் வகையையும் கடைசி மழை பெய்த நாளையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கடலோர மண்டபத்தில், எப்போதும் தண்ணீரில் நிற்கும் தூணின் அடியில் −720 வந்தது. இடித்துவிடலாமா?

பொறுங்கள். நீரில் முழுதும் மூழ்கிய கான்கிரீட்டுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே போகும். ஆக்சிஜன் இல்லாத இரும்பின் மின்னழுத்தம் தானாகவே மிகக் கீழே இறங்கும், ஆனால் அரிப்பு ஏறக்குறைய நின்றே இருக்கும். ஆகவே −720 என்பது −410-ஐவிடக் கொடியது என்று எண்ணிவிடக் கூடாது. அதே தூணில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறித்து நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி வரும் பகுதியைத் தட்டிப் பாருங்கள், அளந்தும் பாருங்கள். பெரும்பாலும் கேடு அங்கேதான் இருக்கும்.

அப்படியானால் அரிப்பின் வேகத்தை எதைக்கொண்டு அளப்பது?

மறைமுகமான வழி, கான்கிரீட்டின் மின்தடைத்திறனை, அதாவது அது மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை அளப்பது. வரிசையாக நிற்கும் நான்கு முனைகளில் வெளி இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தைப் படிப்பார்கள். 20 கிலோஓம்-சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், அரிப்பு தொடங்கியிருந்தாலும் மெதுவாகவே நடக்கும். 5-க்குக் கீழே இருந்தால் மிக வேகமாக நடக்கக்கூடும். அரைமின்கல வரைபடத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரிப்புக்கு வாய்ப்பும் வேகத்துக்கு வழியும் ஒன்றாக இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

நேரடியான வழி, கம்பியின் மின்னழுத்தத்தை 10, 20 மில்லிவோல்ட் அளவுக்கு மட்டும் அசைத்து, அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்று பார்ப்பது. ஸ்டெர்ன், கியரி என்ற இருவர் 1957-இல் தந்த சமன்பாடு இதற்கு அடிப்படை. விடை சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோஆம்பியருக்குக் கீழே இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். 1-ஐத் தாண்டினால் கடுமை. 1 என்றால் ஆண்டுக்கு 11.6 மைக்ரோமீட்டர் இரும்பு போகிறது. 10 மில்லிமீட்டர் கம்பி இரு பக்கமும் தேய்ந்து, 40-க்குச் சற்று மேற்பட்ட ஆண்டுகளில் 9 மில்லிமீட்டராகி, பரப்பில் 19 விழுக்காட்டை இழக்கும். இது சீரான தேய்வுக்கான கணக்கு. உப்பரிப்பில் மேலே சொன்ன குழி மடங்கையும் சேர்த்து எண்ண வேண்டும். அன்றைய ஈரமும் வெப்பமும் வேகத்தைப் பல மடங்கு மாற்றும் என்பதால் ஒற்றை அளவீட்டை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டு எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பெயிண்டரிடம் நாள் குறித்துவிட்டோம். கோபுரத்தை எப்போது சோதிப்பது?

பெயிண்டர் வருவதற்கு முன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டுகிறோம். அந்தச் சாரத்தின் மேல் அளப்பவர் ஏறுவதற்கு இதைவிட நல்ல வேளை கிடைக்காது. வெடிப்புகளைப் பட்டி போட்டு நிரப்பி வண்ணமும் பூசிவிட்டால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சான்று மறைந்துவிடும்.

கோபுரத்துச் சிற்பங்களில் மெல்லிய கம்பியின் மேல் விரற்கடை கனம்கூடக் காரை இராது. கை, ஆயுதம், கிரீடம் போன்ற நீட்டல்கள்தான் முதலில் போகும். இவற்றுக்கு அரைமின்கலம் சரிப்படாது, சுத்தியலும் கண்ணுமே போதும். திருவுருவத்தின் மேல் வண்ணத்தைச் சுரண்டக் குழுவினர் தயங்குவது இயல்பே. கருவி அளவீட்டைக் கோபுரத்தின் உள்நிலைகளில், தளங்களிலும் உத்திரங்களிலும் வைத்துக்கொள்ளலாம். கம்பியின் ஆழத்தைக் காட்டும் காந்தக் கருவியை நம் ஊர்க் கருங்கல் ஜல்லி ஏமாற்றக்கூடும், ஏனெனில் எரிமலைப் பாறையில் காந்தத் தன்மையுள்ள கனிமம் இருக்கலாம். ஓரிடத்தில் கம்பிவரை துளைத்து உண்மை ஆழத்தோடு ஒப்பிட்ட பிறகே மற்ற எண்களை நம்ப வேண்டும்.

மகன் கல்யாணமானால் மேலே கட்டுவான் என்று மொட்டை மாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறோம். அவை துருப்பிடித்தால் கீழே வீட்டுக்கும் பரவுமா?

நோய் தொற்றுவதுபோலத் துரு பரவாது. ஆனால் கம்பி தளத்திலிருந்து வெளியே வரும் கழுத்தில் நீர் தேங்கி, பக்கவாட்டு இடுக்கு வழியே உள்ளே இறங்கும்; கடலோரமானால் உப்போடு இறங்கும். அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் தட்டிப் பார்க்க வேண்டும். கழுத்தில் நீர் நிற்காதபடி சிமெண்ட் மேடு கட்டி, கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசி வையுங்கள். பிள்ளை கட்ட வரும் நாளில், கழுத்தில் கம்பியின் விட்டத்தை அளக்காமல் புதுக் கம்பியை அதனோடு சேர்க்க விடாதீர்கள்.

துத்தநாகம் பூசிய கம்பி போட்டிருக்கிறோம். அதற்கும் இதே எண்கள்தானா?

இல்லை. துத்தநாகத்தின் மின்னழுத்தம் இரும்பைவிடக் கீழே இருப்பதால் −350 என்ற எல்லைக்கு அங்கே பொருளில்லை. எபாக்சி பூசிய கம்பிகளோ ஒன்றோடொன்று மின்தொடர்பில் இராததால் அந்த அளவீடே பொருந்தாது.

உடைந்த இடத்தைக் கொத்தி நல்ல சிமெண்ட் கலவையால் பூசினோம். பூசிய இடம் நன்றாக இருக்கிறது, ஈராண்டில் அதன் ஓரத்தில் வெடித்துவிட்டது. கொத்தனார் ஏமாற்றிவிட்டாரா?

அவர்மேல் பழி போடுவதற்கு முன் கம்பியின் கதையைக் கேளுங்கள். அரித்துக்கொண்டிருந்த இடம், தான் கரைந்துகொண்டே சுற்றியிருந்த கம்பியைக் காத்துவந்தது. அந்த இடத்தை உப்பில்லாத புதுக் கலவையால் மூடியதும் அந்தக் காவல் நின்றுவிட்டது. ஓரத்தில் உப்பு முன்பே எல்லையைத் தாண்டியிருந்தால், அடுத்துக் கரைய வேண்டியது அந்த ஓரம்தான். ஆகவே பூச்சு வேலைக்கு முன்பே அரைமின்கல வரைபடம் எடுத்து, உடைந்த இடத்தை மட்டுமன்றி எண் கீழே இறங்கிய பகுதி முழுவதையும் கொத்த வேண்டும். முடியாத இடத்தில் பூச்சின் ஓரத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு இணைத்துப் பதித்து, அவற்றைக் கரையவிடுவார்கள்.

புதிதாகக் கட்டும் மண்டபத்துக்குள்ளேயே உணரியைப் புதைத்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இராதல்லவா?

கடலோரமாகக் கட்டினால் நல்ல முதலீடுதான். ஏணியின் படிகளைப்போல வெவ்வேறு ஆழத்தில் சிறு எஃகுத் துண்டுகளை வைத்த ஒரு வகை உண்டு. உப்போ கார்பனேற்றமோ முதல் படியை எட்டும்போது அந்தத் துண்டு அரிக்கத் தொடங்கி மின்னோட்டம் காட்டும். பிறகு இரண்டாம் படி, மூன்றாம் படி. உண்மையான கம்பியை எட்டுவதற்கு எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதை அந்த இடைவெளிகளிலிருந்து கணிக்கலாம். ஆனால் உணரி புதைத்த இடத்தின் நிலையை மட்டுமே அது சொல்லும்; காற்று மோதும் தென்கிழக்குத் தூணில் வைக்காமல், வேலைக்கு வசதியான உள்தூணில் வைத்தால் அது கேட்பாரற்ற காவலாளிதான்.

கம்பிமுனைகள் வந்து சேரும் பெட்டியை ஆள் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து, அதன் மேல் பெயரெழுதி, வரைபடத்திலும் குறித்து, குழு மாறும்போது கையளிக்கவும் வேண்டும். நான் பார்த்த ஓரிடத்தில் பெட்டி இல்லாமல் சுவரிலிருந்து ஏழெட்டுக் கம்பிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. தைப்பூசத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர் அவற்றைப் பழைய விளக்குக் கம்பி என்று எண்ணிச் சுவரோடு சுவராக நறுக்கிவிட்டுப் போயிருந்தார்.